பேரிங்கின் முதுகில் இருந்த எண்

பழைய எஞ்சின் பார்க்கப் போகும்போது நான் முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போவதில்லை. சொன்னால், நாம் போய்ச் சேர்வதற்கு அரை மணி முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்துவிடுவார்கள். சூடாக இருக்கும் கிழட்டு எஞ்சின் சாவியைத் தொட்டதுமே பேசும். அதன் உண்மைக் குணம் குளிர்ந்த விடியலில்தான் தெரியும். அதனால்தான் அன்று காலை ஏழு மணிக்கே பழைய உதிரிச் சாமான் சந்தையான சிவாஜிநகர் குஜரியில் போய் நின்றேன். கடைக்காரர் ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தார். "என்னண்ணே, டீ குடிக்கக்கூட விடமாட்டீர்களா?" என்றார்.

பெங்களூரில் மரக்கடை வைத்திருக்கும் ஒரு குடும்பத்தின் ஃபார்கோ லாரி என் பட்டறைக்கு வந்திருந்தது. பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தயாரித்த வண்டி. உள்ளே பெர்கின்ஸ் பி6 டீசல். 1937-இல் இங்கிலாந்தில் பிறந்த ஆறு சிலிண்டர் எஞ்சின் அது. பின்னாளில் சென்னை சிம்சன் ஆலையிலும் செய்தார்கள். இன்றைய லாரிகளுக்கு முன்னால் அதன் 83 குதிரைத்திறன் ஒன்றுமே இல்லை. ஆனாலும் தாத்தா ஓட்டிய வண்டி என்று பேரன் விடுவதாயில்லை. யாரோ ஒரு டிரைவர், கொதித்து நின்ற வண்டியில் பச்சைத் தண்ணீரை ஊற்றியிருக்கிறார். எஞ்சினின் உடம்பான பிளாக்கின் வெளிச்சுவரில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். "அதே எஞ்சின் ஒன்று குஜரியில் கிடக்கிறதாம், வாங்கி மாற்றிவிடலாமே அண்ணா" என்றார் பேரன்.

தானம் கொடுத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்கும் மாட்டுக்குப் பல்லும் பார்க்க வேண்டும், சுழியும் பார்க்க வேண்டும். பாட்டரியைக் கொடுத்ததும் ஆறேழு சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. முதலில் வெள்ளைப் புகை, சற்று நேரத்தில் அதுவும் தெளிந்தது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளங்கையை வைத்தேன். காற்றுத் தள்ளல் அதிகமில்லை. பிஸ்டன், ரிங் எல்லாம் பரவாயில்லை என்று அர்த்தம். பேரனின் முகத்தில் கல்யாணக் களை வந்துவிட்டது. கடைக்காரப் பாய் விலையைச் சொன்னார். எனக்கு மட்டும் அந்த எஞ்சினின் கீழ்வயிற்றைப் பார்க்காமல் மனம் ஒப்பவில்லை.

"சம்ப்பைக் கழற்றுங்கள்" என்றேன், எஞ்சினின் அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டியைக் காட்டி. ஓடுகிற எஞ்சினை யாராவது கழற்றுவார்களா என்று கோபித்துக்கொண்டார். வாங்காவிட்டால் கேஸ்கெட்டுக்கும் ஆள்கூலிக்கும் நானே கொடுக்கிறேன் என்றதும் ஸ்பானர் வந்தது. பிஸ்டனைக் கிராங்க் என்ற சுழலும் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடுகளில், ஒரே ஒன்றின் மூடியை மட்டும் இறக்கினேன். ராடுக்கும் கிராங்குக்கும் நடுவில் இருக்கும் பேரிங் ஓடு கையில் விழுந்தது. பளபளப்பான பக்கத்தைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். நான் எண்ணெயைத் துடைத்து முதுகைத் திருப்பினேன். அதில் பொறித்திருந்தது: 040.

நாற்பது தௌ. அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு தௌ. கிராங்கை எவ்வளவு சாணை பிடித்தார்களோ அதற்கு ஈடான பேரிங் இது என்று அந்த எண் சொல்லும். அதாவது, ஒவ்வொரு முறை தேயும்போதும் சாணை பிடித்துச் சாணை பிடித்து, கிராங்கில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கரைந்து போயிருக்கிறது. இன்னொரு முறை சாணை பிடிக்க அதில் சதை இல்லை. எங்கள் விரிசல் விட்ட எஞ்சினின் கிராங்கோ பத்து தௌவில்தான் இருந்தது. ஒன்றுக்கு உடம்பு நன்றாக இருக்கிறது, மற்றதற்கு முதுகெலும்பு.

இரண்டையும் கலந்து ஒன்றாக்கிவிடலாமே என்று பேரன் கேட்டார். கலக்கலாம், எத்தனையோ செய்திருக்கிறேன். ஆனால் எஞ்சின் எண் பிளாக்கில் அல்லவா இருக்கிறது? பிளாக்கை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி, ஆர்.சி.யில் புது எண்ணை ஏற்ற வேண்டும். இந்த எஞ்சின் எந்த வண்டியிலிருந்து இறங்கியது என்பதற்குப் பாயிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. ஏலத்தில் வந்தது என்றார். சீட்டில்லாத எஞ்சினை நான் தம்பி வண்டிக்கும் ஏற்றமாட்டேன். இரும்பு விலைக்குக் கொடுத்தால் உதிரிக்கு எடுத்துக்கொள்கிறோம் என்றேன். அதற்குப் பாய் சிரித்த சிரிப்பு நல்ல சிரிப்பு அல்ல.

வாங்கவில்லை. பேரன் திரும்பும் வழியெல்லாம் பேசவே இல்லை. பழைய பிளாக்கின் விரிசலை வெல்டிங் வைக்காமல் மெட்டல் ஸ்டிட்சிங் முறையில் தைக்கக் கொடுத்தேன். வார்ப்பிரும்பைச் சூடாக்கினால் பக்கத்திலேயே இன்னொரு விரிசல் புறப்படும்; இதில் சூடே கிடையாது, துளை போட்டுப் பூட்டு இறக்கித் தைப்பார்கள். கிராங்கை இருபது தௌவுக்குச் சாணை பிடித்தோம். அதுவரை எல்லாம் என் கணக்குப்படியே நடந்தது.

இருபது தௌ பேரிங் செட்டுக்குத்தான் நாய்படாத பாடு பட்டேன். ஜே.சி. ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கியாகிவிட்டது. நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் போன் போட்டுக் கேட்டாகிவிட்டது. ஆறாவது வாரம், வேறு வழியில்லாமல், அதே ஷட்டருக்கு முன்னால் போய் நின்றேன். பாய் என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. பரணிலிருந்து மெழுகுத்தாள் பிரிக்காத ஒரு பெட்டியை இறக்கி மேசையில் வைத்தார். முதுகைத் திருப்பிப் பார்த்தேன்: 020.

"இதற்கு இரும்பு விலை கிடையாதண்ணே" என்றார். கேட்ட விலையைப் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு வந்தேன்.