உறுமிக்கு ஒரு பை: இணையத்தில் எனக்கான சந்தையைத் தேடிய அனுபவம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வீட்டிலிருந்தே தையல் வேலை செய்துவரும் எனக்கு, தீபாவளிக்கு முந்தைய சில மாதங்களைத் தவிர மற்ற காலங்களில் வேலை சீராக வருவதில்லை. ரவிக்கை தைக்கக் கொடுப்பவர்கள் அனைவரும் ஊருக்குள் இருப்பவர்கள். அவர்களுடைய எண்ணிக்கை ஓர் அளவுக்கு மேல் கூடப்போவதுமில்லை. ஆகவே, ஊருக்கு வெளியே இருப்பவர்களுக்கு இணையத்தின் வழி விற்கக்கூடிய பொருள் ஒன்றைத் தேடினேன். எதை ஏற்றேன், எதைத் தள்ளினேன், எந்தக் காரணத்தால் என்பதை இங்கே எழுதுகிறேன்.

இணைய வணிகம் என்றதும் பலரும் சொன்னது சேலைதான். முகநூல் நேரலையில் சேலை விற்பவர்களைச் சில வாரங்கள் உட்கார்ந்து கவனித்தேன். சூரத்திலிருந்து கட்டுக்கட்டாக இறக்குமதி செய்பவர்கள் அறிவிக்கும் விற்பனை விலை, நான் ஈப்போவில் மொத்தக் கடையில் வாங்கக்கூடிய விலைக்குக் கிட்டத்தட்டச் சமமாக இருந்தது. முறுக்கு, அதிரசம் போன்றவற்றைச் செய்ய எங்கள் தாமானிலேயே (குடியிருப்புப் பகுதியிலேயே) கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். பூசைப் பொருள்களுக்குப் பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் பெரிய கடைகள் உள்ளன. அவை இணையத்திலும் விற்கின்றன. இவை எல்லாவற்றுக்கும் வாங்குபவர்கள் ஏராளம், ஆனால் அவர்கள் என்னிடம் வந்து வாங்குவதற்குக் காரணம் ஒன்றுமில்லை. எனவே, எந்தப் பொருளைப் பார்த்தாலும், இதைத் தேடுபவருக்கு அருகிலுள்ள கடையில் இது ஏன் கிடைக்கவில்லை என்ற கேள்வியையே முதலில் கேட்கத் தொடங்கினேன். விடை கிடைக்காத பொருள்களை அத்தோடு விட்டுவிட்டேன்.

அந்தக் கேள்விக்கு ஒரு விடை கோயில் திருவிழாவில் கிடைத்தது. எங்கள் வட்டாரத் தோட்டங்களில் ரப்பருக்குப் பதில் செம்பனை வந்த பிறகு, லயங்களில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருந்த குடும்பங்களில் பல தாமான்களுக்கும், வேலை தேடிக் கிள்ளான், ஷா ஆலாம், பினாங்கு எனப் பல இடங்களுக்கும் போய்விட்டன. இருந்தாலும் தோட்டத்து மாரியம்மனுக்குத் திருவிழா என்றால் பிள்ளைகுட்டிகளோடு திரும்பி வருகிறார்கள். அங்கே இளைஞர்களின் உறுமி மேளக் குழு இல்லாத ஊர்வலத்தைக் காண்பது அரிது. குழுவின் பெயர் அச்சிட்ட சட்டை, ஒரே நிறத் தலைப்பாகை என்று அலங்காரத்துக்குக் குறை வைக்காதவர்கள், உறுமியை மட்டும் அரிசிச் சாக்கிலும் படுக்கை விரிப்பிலும் சுற்றி எடுத்துவந்ததைக் கவனித்தேன். குழுத் தலைவராக இருந்த தம்பியிடம் விசாரித்தபோது, "மழை பேஞ்சா தோலு தொங்கிடும் அக்கா. சட்டையக் கழட்டிச் சுத்திக்கிட்டு ஓடுவோம்" என்றார். கித்தார் பைக்குள் உறுமி அடங்காது. ஜெம்பே மேளத்துக்கு விற்கும் பையோ ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் குறுகியிருக்கும். உறுமி இடை சிறுத்து இருபுறமும் விரிந்த வாத்தியம்.

இப்படிப்பட்ட பையை எந்தக் கடைக்காரரும் வாங்கி அடுக்கி வைக்கமாட்டார், ஏனெனில் ஓர் ஊரில் ஒரு குழுவோ இரண்டு குழுக்களோதான் இருக்கும். ஆனால் சுங்கை பட்டாணி முதல் ஜொகூர் பாரு வரை சிதறிக் கிடக்கும் குழுக்களை ஒன்றாக எண்ணினால், தனியாக உட்கார்ந்து தைக்கும் ஒருத்திக்கு அது போதுமான சந்தை. தெருக்கடைக்குக் கட்டுப்படியாகாத அந்தச் சிதறல்தான் இணையக் கடைக்கு இடம் விடுகிறது.

இதை உறுதிசெய்துகொள்ள, மக்கள் எதைத் தேடுகிறார்கள் என்ற போக்கைக் காட்டும் கூகுள் டிரெண்ட்சை முதலில் பார்த்தேன். அது தேடல்களின் எண்ணிக்கையைச் சொல்வதில்லை. ஒரு காலகட்டத்தின் உச்சத்தை 100 என்று வைத்து மற்றவற்றை அதற்கு ஒப்பிட்டே காட்டுகிறது. தேடுபவர்கள் மிகச் சிலராக இருந்தால் போதிய தரவு இல்லை என்று சொல்லிவிடும். உறுமிப் பைக்கு எனக்குக் கிடைத்த பதிலும் அதுவே. இந்த இடத்தில் பலர் பின்வாங்கிவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். தேசிய அளவில் பெருங்கூட்டம் தேடும் பொருளை அளப்பதற்கு ஏற்ற கருவியில் நம் குழுக்கள் தெரியாமல் போவதில் வியப்பில்லை. அதனால் இணையச் சந்தைகளான ஷோப்பீயிலும் லசாடாவிலும் உறுமி, தவில், பம்பை என ரோமன் எழுத்திலும் மலாய்ச் சொற்களோடும் தட்டி, தேடல் பெட்டி தானாக எவற்றை முன்வைக்கிறது என்று பார்த்தேன். குச்சியும் தோலும் வந்தன, பை வரவில்லை. மேளக் குழுக்களின் முகநூல் பக்கங்களில் தோல் எங்கே மாற்றலாம், பழைய உறுமி விற்பனைக்கு உண்டா என்ற கேள்விகள் ஓயாமல் வந்துகொண்டிருந்தன. வாத்தியத்துக்காகச் செலவழிக்க அந்தப் பிள்ளைகள் தயங்குவதில்லை என்பது அவற்றிலிருந்து தெரிந்தது.

இருந்தாலும், "நல்லா இருக்கும் அக்கா" என்ற பாராட்டை நான் கணக்கில் சேர்க்கவில்லை. ஒரே ஒரு மாதிரிப் பை தைத்து, அதைப் படமெடுத்துப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) அனுப்பி, பாதிப் பணத்தை முன்பணமாகக் கட்டுபவர்களுக்கு மட்டுமே தைத்துத் தருவதாக அறிவித்தேன். போதுமான குழுக்கள் சேராவிட்டால் பணம் முழுவதும் திருப்பித் தரப்படும் என்பதையும் அதிலேயே எழுதினேன். ஆர்வமாகப் பேசிய பலர் முன்பணம் என்றதும் மௌனமானார்கள். மாறாக, ஒரு கேள்வியும் கேட்காமலே சிலர் குழுவில் உள்ள எல்லா வாத்தியங்களுக்கும் சேர்த்துப் பணம் அனுப்பினார்கள். பணம் கட்டியவர்களிடம் மட்டும் அளவும் குறைநிறையும் கேட்டேன். மேளத்துக்குச் சட்டை தைக்கிறாளாம் என்று என் மாமியார் அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்ததும் இந்தக் காலத்தில்தான்.

உறுமியின் இடது முகத்தை வளைந்த குச்சியால் தேய்த்தே அந்த உறுமல் ஒலியை எழுப்புகிறார்கள். அதற்காக அந்தத் தோலில் ஒட்டும் பூச்சு ஒன்றைத் தடவியிருப்பார்கள். சாதாரணப் பருத்தி உள்துணியாக இருந்தால் அதன் பஞ்சு தோலில் ஒட்டிக்கொள்ளும். வழவழப்பான நைலான் துணியை அந்தப் பக்கத்துக்குக் கொடுத்து, கழற்றித் துவைக்கும்படி ஒட்டுப்பட்டை (வெல்க்ரோ) வைத்தேன். வளைந்த குச்சிக்கு வெளியே தனி உறை. கித்தான் துணியையும் நுரைத் தகட்டையும் சேர்த்துத் தைக்க, ரவிக்கைக்குப் போடும் மெல்லிய ஊசி தாங்காது. 18-ஆம் எண் ஊசி வேண்டும், தையலின் நீளத்தையும் கூட்ட வேண்டும். பை வாங்கியவர்கள் மற்றவர்களிடம் எடுத்துச் சொன்னது இந்த நைலான் துணியைப் பற்றித்தான். இத்தகைய விவரம் உறுமி வாசிப்பவர்களோடு பழகியவருக்கே தெரியும் என்பதால், மலிவாகத் தைத்து விற்கும் பெரிய நிறுவனம் ஒன்று உடனே இதற்குள் நுழைந்துவிடும் என்று நான் அஞ்சவில்லை.

விலை வைப்பதில் கூரியர் கணக்கைத் தெரிந்துகொள்வது அவசியம். பொருள் இலேசாக இருந்தாலும் பொட்டலம் பெரிதாக இருந்தால், நீள அகல உயரங்களைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வரும் எண்ணையே எடையாகக் கொள்ளும் வழக்கம் பல நிறுவனங்களில் உண்டு. உப்பிய நிலையில் 50, 35, 35 என்ற அளவில் அனுப்பினால், ஒன்றரைக் கிலோகூட இல்லாத பைக்குப் பன்னிரண்டு கிலோவுக்கு மேல் கட்டணம் கேட்பார்கள். நுரைத் தகடுகளை உருவித் தட்டையாக மடித்து 50, 40, 8 என்று அனுப்பினால் 3.2 கிலோதான். தகடுகளை உருவக்கூடியபடி தைத்தது அழகுக்காக அன்று, இந்தக் கட்டணத்துக்காகவே. சபா, சரவாக்கிற்குக் கட்டணம் கூடுதல் என்பதால் அதைத் தனியே குறிப்பிடுகிறேன்.

பதிவு வேலை எளிதாக முடிந்தது. தீபகற்பத்தில் வணிகம் தொடங்கிய 30 நாள்களுக்குள் எஸ்.எஸ்.எம். எனப்படும் மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தில் பதிந்துகொள்ள வேண்டும், இணைய வணிகத்துக்கும் விலக்கு இல்லை. சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி (ரிங்கிட்), வணிகப் பெயர் வைத்தால் 60 வெள்ளி.

சந்தை பருவத்தைச் சார்ந்தது என்பதே இதில் எனக்கிருந்த பெரிய தயக்கம். தைப்பூசத்துக்கு முன்னால் பத்துமலை, தண்ணீர்மலை, ஈப்போ கல்லுமலை என்று போகும் குழுக்கள் ஒரே நேரத்தில் கேட்கின்றன. பிறகு பங்குனி உத்திரம், ஆடி மாதத் தீமிதி, தோட்டத் திருவிழாக்கள் என ஓரளவு ஓடுகிறது. அதன் பிறகு தீபாவளித் தையல் கைக்கு வந்துவிடுவதால், எனக்கு இந்த ஏற்றத்தாழ்வு பொருந்திப்போயிற்று. வேறு வருமானம் இல்லாதவர் இதையே நம்பி இறங்கலாம் என்று நான் சொல்லமாட்டேன்.

அடுத்து நாதஸ்வரத்துக்கான நீண்ட உறையைப் பற்றிச் சில வித்துவான்கள் கேட்டிருக்கிறார்கள். ஊதும் முனையில் பொருத்தும் சீவாளி நசுங்காமல் இருக்கக் கடினமான சிறு பெட்டி ஒன்றையும் அதற்குள் பொருத்த வேண்டியிருக்கும். மாதிரியை வெட்டி வைத்திருக்கிறேன், முன்பணத்துக்கான அறிவிப்பு இந்த வாரம் புலனத்தில் போகிறது.