கடைசித் தவணையை எந்த வருஷத்தில் வைப்பது?

மின்சாரக் கார் வாங்கப் போன இடத்தில் எனக்கு முதலில் நீட்டியது பலூன் கடன். பத்து லட்சம் கடனில் மூன்று லட்சத்தை ஒதுக்கிவிட்டு, மீதியை மட்டும் மாதத் தவணையில் அடைக்க வேண்டும். அந்த மூன்று லட்சத்தைக் கடைசி மாதம் மொத்தமாகக் கட்ட வேண்டும். ஒதுக்கி வைத்த தொகைக்கும் முதல் மாதத்திலிருந்தே வட்டி ஓடும். நாமாகக் கேட்டால்தான் இதைச் சொல்கிறார்கள்.

அவர்கள் காட்டியது ஐந்து வருஷக் கணக்கு. 9 சதவீத வட்டிக்குச் சாதாரணக் கடன் என்றால் மாதம் 20,758 ரூபாய், பலூன் என்றால் 16,781. நாலாயிரம் குறைகிறது என்றதும் மனசு அங்கே சாயத்தான் செய்யும். வீட்டில் எக்செலில் போட்டுப் பார்த்தேன். மொத்த வட்டி சாதாரணக் கடனுக்கு 2.45 லட்சம், பலூனுக்கு 3.07 லட்சம். அறுபதாயிரத்துச் சொச்சம் கூடுதல். அப்புறம் அதே பலூனை நாலு வருஷமாக மாற்றினேன். தவணை 19,670, வட்டி 2.44 லட்சம். ஐந்து வருஷச் சாதாரணக் கடனுக்கு ஆகும் அதே வட்டிதான், கடன் மட்டும் ஒரு வருஷம் முன்பே தீர்கிறது. மூன்று வருஷத்துக்குத் தவணை 24,510. நமக்குக் கட்டுப்படியாகாது.

"அதெல்லாம் சரிடே, மூணு லட்சம் அன்னைக்கு எங்கேருந்து வரும்?" என்றார் அண்ணன்.

குலசேகரம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் உண்டு. மரங்களுக்கு வயசாகிவிட்டது, பாலும் குறைந்துவிட்டது. மூன்று நாலு வருஷத்தில் முறித்து மறுநடவு செய்தாக வேண்டும். அப்போது வெட்டின மரத்தின் தடி விற்ற பணம் மொத்தமாகக் கைக்கு வரும். ஆனால் அதோடு பால்வெட்டு வருமானம் நின்றுவிடும். புதுக் கன்று வெட்டுக்கு வர ஏழு வருஷம் ஆகும். ஐந்து வருஷக் கடன் என்றால் கடைசி வருஷத் தவணைகள் அந்த வறண்ட காலத்தில் வந்து விழும். நாலு வருஷம் என்று முடிவானது அப்படித்தான்.

"பணம் புரளலேன்னா அந்தத் தொகையைப் புதுக் கடனா மாத்திக்கலாம் சார்" என்றார் கடன் பிரிவுக்காரர். அனுமதிக் கடிதத்தில் அப்படி ஒரு வரி இல்லை. கேட்டால், "அப்போ பாத்துக்கலாம்." அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. வட்டிக்கு வருமான வரிச் சலுகை உண்டு என்றும் ஒருவர் சொன்னார். அந்த 80இஇபி பிரிவு 2023 மார்ச் 31க்குள் அனுமதியான கடன்களுக்கு மட்டும்தான்.

வண்டியை விற்று அடைக்கலாமே என்ற யோசனையும் வந்தது. பழைய மின்சாரக் காரின் விலை எப்படிப் போகும் என்று நம்பிச் சொல்ல ஆளில்லை. என் வண்டியின் பாட்டரிக்கு 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி. மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவில் வேலைக்குத் தினமும் போய்வந்தாலும், நாலாம் வருஷத்தில் வாங்குகிறவருக்கு ஏறக்குறையப் பாதி மிச்சமிருக்கும். கடைசிப் பிடிமானமாக அது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தடி விலை ஏறும், இறங்கும். அதனால் பெட்ரோலில் மிச்சமாவதிலிருந்து மாதம் 3,000 ரூபாய் பாங்கில் ஆர்.டி. (தொடர் வைப்பு) போட்டிருக்கிறேன், கடைசித் தவணைக்கு முந்தின மாதம் முதிரும்படி. மூன்று லட்சத்தில் பாதி அதில் தேறும். முழுதும் கட்டி முடித்ததும், பாக்கியில்லை என்ற என்.ஓ.சி.யும் கடன் பதிவை நீக்கும் படிவம் 35ம் வாங்கிக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீஸ் போய், ஆர்.சி.யிலிருந்து கடன் கொடுத்தவர் பெயரை நீக்க வேண்டும்.