பர்லிங்கேம் குடியேறாத பர்லிங்கேம்

சான் பிரான்சிஸ்கோவில் இறங்கி, மறுநாள் இரவு வேறு விமானம் ஏற வேண்டும். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் அறை தேடினால் பாதி விடுதிகளின் முகவரியில் பர்லிங்கேம் என்றே இருக்கிறது. எனக்குக் கிடைத்த அறையின் ஜன்னலில் வளைகுடாத் தண்ணீரும் அதன்மேல் தாழ்ந்து இறங்கும் விமானங்களும் தெரிந்தன. இந்தப் பெயர் யாருடையது என்று வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். "யாராவது நிலச்சுவான்தாராக இருக்கும்" என்றார். பாதி சரி.

ஆன்சன் பர்லிங்கேம் 1820இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். வளர்ந்தது ஒஹையோவிலும் மிச்சிகனிலும். ஹார்வர்டில் சட்டம் படித்து பாஸ்டனில் வக்கீல் தொழில் பார்த்தார். ஆனால் கோர்ட்டைவிட மேடைதான் அவருக்குப் பிடித்திருக்க வேண்டும். 1855இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்குப் போய்விட்டார்.

அவர் பெயர் நாடு முழுக்கப் பரவியது ஒரு சண்டையால், அதுவும் நடக்காத சண்டையால். 1856 மே மாதம், அடிமை முறையைத் தாக்கிப் பேசிய செனட்டர் சார்ல்ஸ் சம்னர் அவையில் தன் இருக்கையில் அமர்ந்திருந்தபோது, தென் கரோலினாவின் காங்கிரஸ் உறுப்பினர் பிரஸ்டன் புரூக்ஸ் கைத்தடி முறியும்வரை அவரை அடித்தார். இது கோழைத்தனம் என்று காங்கிரஸில் வெளுத்து வாங்கினார் பர்லிங்கேம். புரூக்ஸ் துவந்த யுத்தத்துக்கு அழைத்தார். சரி என்ற பர்லிங்கேம் ஆயுதமாக ரைஃபிளையும், இடமாக நயாகரா அருவியின் கனடாப் பக்கத்தையும் சொன்னார். குறி தப்பாதவர் என்று பெயரெடுத்த மனிதர். அங்கே போக எதிரிகளின் பிரதேசமான வட மாநிலங்களைக் கடக்க வேண்டுமே என்று சொல்லி புரூக்ஸ் ஒதுங்கிக்கொண்டார். இடத்தைத் தேர்ந்தெடுத்ததில்தான் வக்கீல் மூளை தெரிகிறது.

1861இல் லிங்கன் அவரை ஆஸ்திரியாவுக்குத் தூதராக்கினார். ஹங்கேரியின் விடுதலைக்காகப் பேசிய ஆள் வேண்டாம் என்று வியன்னா மறுத்துவிட்டது. அதனால் சீனா கிடைத்தது. அங்கே ஆறு வருடங்கள் தூதராக இருந்தார். மேல்நாட்டார் பீரங்கியைக் காட்டி மிரட்டிக்கொண்டிருந்த காலத்தில், பேசித் தீர்க்கலாம் என்று பிற நாட்டுத் தூதர்களையும் சம்மதிக்க வைத்தார். 1867இல் அவர் ஊர் திரும்பக் கிளம்பியபோது சீனாவை ஆண்ட சிங் வம்ச அரசு செய்ததுதான் வேடிக்கை: மேல்நாடுகளுக்குப் போகும் தங்கள் முதல் தூதுக்குழுவுக்கு அவரையே தலைமை தாங்கச் சொன்னது. நேற்றுவரை அமெரிக்காவின் தூதர், இன்று அமெரிக்காவுக்குச் சீனாவின் தூதர்! உடன் ஜிகாங், சுன் ஜியாகு என்ற இரண்டு சீன அதிகாரிகள்.

1868 ஜூலை 28 அன்று வாஷிங்டனில் கையெழுத்தான உடன்படிக்கையை இன்றும் அவர் பெயரால்தான் சொல்கிறார்கள். தன் வீட்டையும் தன் அரச விசுவாசத்தையும் மாற்றிக்கொள்வது மனிதனின் பறிக்க முடியாத உரிமை என்கிறது அதன் ஐந்தாவது பிரிவு. முந்தின நாள்தான் குடியேற்ற வரிசையில் நின்று, எத்தனை நாள், எதற்காக, திரும்பும் டிக்கெட் எங்கே என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லி வந்தவன் நான். அந்த வரியை இரண்டு முறை படித்தேன். ரயில் பாதை போடச் சீன உழைப்பாளிகள் தேவைப்பட்ட காலம் அது என்பதையும் மறக்கக் கூடாது. அடுத்த பிரிவே, இதனால் குடியுரிமை கிடைத்துவிடாது என்று கதவைப் பாதி சாத்திவிடுகிறது. 1882இல் சீனத் தொழிலாளர்கள் வரக் கூடாது என்று சட்டமே வந்து, முழுக்கச் சாத்தியாயிற்று. அதைப் பார்க்க அவர் இல்லை. தூதுக்குழுவோடு ஐரோப்பாவைச் சுற்றி ரஷ்யா போனவர், 1870 பிப்ரவரியில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் குளிரில் நிமோனியா கண்டு இறந்தார். வயது 49.

நான் தங்கிய இந்தப் பர்லிங்கேம் ஊரில் அவர் 1866இல் ஆயிரம் ஏக்கருக்கு மேல் நிலம் வாங்கியிருந்தார். வீடு கட்டிக் குடிவரவில்லை. அவர் இறந்தபின் நிலம் நண்பர் வில்லியம் ரால்ஸ்டனிடம் போனது. பெயர் மட்டும் தங்கிவிட்டது.

மதியம் டாக்சி பிடித்து ஊருக்குள் போனேன். எல் கமினோ ரியல் சாலையின் இருபுறமும் ராட்சத யூகலிப்டஸ் மரங்கள். கீழே கிடந்த இலையைக் கசக்கி முகர்ந்தால் ஊட்டி! 1894இல் திறந்த ரயில் நிலையம் சின்னது, அழகானது. வெள்ளைச் சுவர், வளைவுகள், சிவப்பு ஓடுகள். பழைய ஸ்பானிய மிஷன் கட்டடங்களிலிருந்து கொண்டுவந்த பதினெட்டாம் நூற்றாண்டு ஓடுகளாம். கலிபோர்னியா அரசு வைத்திருக்கும் நினைவுப் பலகையில் கட்டடக்கலை பாணி, வரைந்தவர்கள், ஓடுகள், பணம் கொடுத்த கிளப் எல்லாம் இருக்கின்றன. ஆன்சனைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

நடைமேடையில் எனக்குப் பக்கத்தில் நின்ற மூதாட்டி கைபேசியில் யாரிடமோ சீன மொழியில் பேசிக்கொண்டிருந்தார். பேச்சின் நடுவே ஒரே ஒரு சொல் எனக்குப் புரிந்தது: பர்லிங்கேம். ரயில் வந்ததும் இருவரும் ஏறிக்கொண்டோம்.