வளையாமல் மடிந்த தகடு

“சார், இந்தத் தகடு வளையல, மடியுது” என்று பிரஸ் ஓட்டும் அண்ணன் என்னிடம் சொன்னார். “சர்டிபிகேட் சரியா இருக்குண்ணா, ஓட்டுங்க” என்றேன். ஓசூர் சிப்காட்டில் தரப் பரிசோதகனாக எத்தனையோ முறை சொன்ன சொற்கள்தான் அவை. அன்றைக்குச் சொன்னது மட்டும் இன்னும் மனத்தை அறுக்கிறது.

அவர் கையில் இருந்தது 0.8 மி.மீ. சி.ஆர். ஷீட்டிலிருந்து, அதாவது குளிர்நிலையில் உருட்டிய இரும்புத் தகட்டிலிருந்து, வெட்டிய நீளத் துண்டு. அதை ஒரு குழாயின் மேல் வைத்துக் கையாலேயே வளைத்திருந்தார். நல்ல தகடாக இருந்தால் வில்லைப் போலச் சீராக வளைந்திருக்கும். அதுவோ சிறிது தூரத்துக்கு ஒரு மடிப்பாக, கோணல் கோணலாக நின்றது. நான் அதைப் பார்க்கவில்லை என்று சொல்வதற்கில்லை.

குளிர்நிலையில் உருட்டும்போது இறுகிப்போகும் தகட்டை அனீலிங் செய்து, அதாவது சூடேற்றி ஆறவிட்டு, மென்மையாக்கிய பிறகு, ஆலையில் ஏறக்குறைய 1 சதவீத அளவுக்கு மறுபடியும் இலேசாக உருட்டுவார்கள். ஸ்கின் பாஸ் எனப்படும் அந்த உருட்டலில்தான், தகடு வரிகள் விழாமல் சீராக இழுபடும் தன்மையைப் பெறுகிறது. ஆனால் சாதாரணத் தரத் தகட்டில் அது நிரந்தரமன்று. இரும்பில் கரைந்திருக்கும் கார்பன், நைட்ரஜன் அணுக்கள் நாளடைவில் நகர்ந்து, படிகங்களுக்குள் நெகிழ்வுக்கு வழிவிடும் இடப்பிறழ்வுகளைப் பூட்டிவிடுகின்றன. காட்ரெலும் பில்பியும் 1949இல் விளக்கிய இந்த மூப்பு, வெப்பம் கூடக் கூட விரைவுபடும். ஓசூர்க் குளிரை நம்பி நாங்கள் சேமித்து வைத்திருந்த அந்தத் தகட்டுச் சுருள் (காயில்), ஏப்ரல், மே மாதங்களைத் தகரக் கூரையின் கீழ்தான் கழித்திருந்தது. சான்றிதழில் இருந்த எண்கள் பொய்யல்ல. ஆலையில் சோதித்த நாளில் அவை உண்மை.

அந்தத் தகட்டில் அடித்த முதல் மின்பலகைக் கதவை நானே எடுத்துப் பார்த்தேன். பார்த்தது மூலைகளை. விரிசல் விழுமானால் அங்கேதான் விழும் என்பது என் பழக்கம், பாடமும் அதுதான். ஆனால் மூப்படைந்த தகட்டின் வரிகள், ஆழமாக இழுபட்ட மூலையில் மறைந்துவிடும். சிறிதளவே இழுபட்ட நடுப்பகுதியில்தான் தங்கும். எண்ணெய்ப் பூச்சின் மினுமினுப்பில் அவை என் கண்ணுக்குப் படவில்லை. பவுடர் கோட்டிங் முடிந்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது, மின்பலகைக் கதவுகளின் நடுவே தீநாக்குகளைப் போல வரிகள் ஓடின. பூச்சு அவற்றை மறைக்கவில்லை.

நிறுத்தியிருந்தால் என்ன செய்திருப்போம் என்று இப்போதும் கணக்குப் போடுகிறேன். தகட்டை உருளைகளுக்கிடையே வளைத்து நிமிர்த்தும் ரோலர் லெவலரில் ஒருமுறை ஓட்டி உடனே பிரஸ்ஸில் போட்டிருந்தால் வரிகள் விழாமல் தப்பியிருக்கலாம். ஆனால் எங்களிடம் லெவலர் இல்லை, மாலையில் வண்டி வந்து நிற்கும். என் இடத்தில் வேறு யார் இருந்தாலும் ஓட்டத்தான் சொல்லியிருப்பார்கள் என்று ஒருநாள் தோன்றுகிறது. மறுநாளே, பத்துக் கதவுகளை மட்டும் ஓட்டி ஒன்றுக்கு வண்ணம் பூசிப் பார்க்க ஒருமணி நேரம்கூட ஆகியிருக்காதே என்று தோன்றுகிறது. தகட்டின் வயதைக் குறித்து வைத்தால் போதும் என்று பிறகு ஒரு நடைமுறையைக் கொண்டுவந்தேன். அதுவும் சரியான அளவுகோல் இல்லை. டைட்டானியம் சேர்த்த ஐ.எஃப். தரத் தகட்டில் அந்த அணுக்கள் முன்பே சேர்மங்களாகக் கட்டுண்டிருப்பதால், ஒன்பது மாதம் கிடந்த காயில்கூட எங்களிடம் பழுதின்றி ஓடியது. வயதைவிட அந்த அண்ணனின் கையில் இருந்த துண்டே நம்பத்தக்கது.

விசாரணை அறிக்கையில் காரணம் என்ற கட்டத்தில் “தகடு மூப்படைந்தது” என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அது உண்மையே. ஓட்டுவதற்கு முன்பே ஒருவர் துண்டை வளைத்துக் காட்டினார் என்பதை எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. கட்டத்துக்கு வெளியே போதிய இடம் இருந்தது. அவர் அதைப் பற்றி என்னிடம் ஒருபோதும் கேட்டதில்லை. இப்போதும் புதுக் காயில் ஏறும்போது ஒரு துண்டை வளைத்துப் பார்க்கிறார். பார்த்துவிட்டு, என்னிடம் கொண்டுவராமல் கழிவுத் தொட்டியில் போட்டுவிடுகிறார்.