சூப்பான் கொஞ்சம் காத்திருக்கட்டும்

மே 6, 2024, திங்கள்

நாத்தனார் பெங்களூரிலிருந்து வந்து பாப்பாவைப் பார்த்துவிட்டு, சாயந்திரமே காட்பாடியில் ரயில் ஏறினார். கொண்டு வந்த பையில் பருத்தித் துணிகள், கொசுவலை, அப்புறம் ஒரு டப்பாவில் இரண்டு சூப்பான், குழந்தை சும்மா சூப்புவதற்கான பால் வராத ரப்பர் காம்பு. "ராத்திரியில வாயில வெச்சிடு, நீயும் கொஞ்சம் தூங்கலாம்" என்றார். என் கண் குழி விழுந்து கிடப்பதைப் பார்த்தால் யாருக்கும் அப்படிச் சொல்லத்தான் தோன்றும். அக்கறையில் சொன்னது.

டப்பாவை பீரோ மேல்தட்டில் வைத்தேன். பாப்பா பிறந்து ஒரு வாரம்தான் ஆகிறது. குழந்தை இழுத்துக் குடிக்கிற அளவுக்குத்தான் பால் ஊறும். பிறந்த குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை குடிக்க வேண்டும். அதில் இரண்டு மூன்று வேளையை ரப்பர் எடுத்துக்கொண்டால் அந்த அளவுக்கு ஊறலும் குறையும். இப்போது வேண்டாம்.

மே 9, வியாழன்

கத்திரி வெயில். மதியம் கரண்ட் போய்விட்டது. "தொண்ட காஞ்சி போவும்டி, ரெண்டு சொட்டு தண்ணி ஊத்து" என்று ஆயா (என் பாட்டி) சங்கைக் கையில் எடுத்துவிட்டார். தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர்தான். ஆறு மாதம் வரை தனியாகத் தண்ணீர் வேண்டாம் என்பது வேலூர் வெயிலுக்கும் சேர்த்துத்தான். வீட்டுக்கு வந்த நர்ஸ் அக்காவும் அதையே சொன்ன பிறகு, ஆயா சங்கைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு எனக்கு ஒரு சொம்பு சீரகத் தண்ணீர் கொண்டு வந்தார்.

மே 11, சனி

எடை பார்த்தோம். பிறந்தபோது 2.9 கிலோ, மூன்றாம் நாள் 2.7, இன்று 3.05. முதல் சில நாளில் எடை இறங்குவதும் இரண்டு வாரத்துக்குள் பழைய எடைக்குத் திரும்புவதும் வழக்கம்தான். ஆனால் தராசில் அந்த எண்ணைக் கண்ட பிறகுதான் என் வயிற்றில் பால் வார்த்தது.

காம்பில் வெடிப்பு இருக்கிறது. நர்ஸ் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பிடிப்பைச் சரிசெய்து காட்டினார். பாப்பா வாயை அகலத் திறந்ததும் காம்போடு கருவளையமும் உள்ளே போக வேண்டும். கீழுதடு வெளியே மடிந்திருக்க வேண்டும். கன்னம் குழியக் கூடாது. சூப்பானுக்கு இவ்வளவு பாடு இல்லை, உதட்டைக் குவித்து நுனியைப் பிடித்தாலே போதும். எல்லாக் குழந்தையும் குழம்பிவிடும் என்று அவர் பயமுறுத்தவில்லை. "ஒரு பிடிப்ப முதல்ல ஒழுங்கா கத்துக்கட்டும்மா, அவசரம் இன்னா?" என்றார். எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது.

மே 16, வியாழன்

சாயந்திரம் விளக்கு வைக்கிற நேரத்தில் ஆரம்பித்து இரவு பத்து மணி வரை விடாமல் குடிக்கிறாள். பத்து நிமிஷம் குடிப்பாள், கண் சொருகுவாள், கீழே கிடத்தினால் மறுபடி தலையைத் திருப்பித் திருப்பித் தேடுவாள். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, பால் பத்தலயா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அந்த ஒரு கேள்வி ஒரு தாயை எப்படி உலுக்கும் என்பது கேட்பவர்களுக்குத் தெரிவதில்லை. அத்தை போனில் பால் சுறா புட்டு செய்யச் சொன்னார். அம்மா ஒரு பிடி பூண்டை உரித்துக் குழம்பில் போட்டார். எல்லாம் சரி, சாப்பிட்டேன்.

பால் போதுகிறதா என்பதற்கு ஈரத்துணிதான் சாட்சி. ஒரு நாளில் ஆறுக்குக் குறையாமல் நனைகிறது, எடையும் ஏறுகிறது. அப்படியென்றால் போதுகிறது. இரண்டு மூன்று வார வயதில் சாயந்திர வேளையில் இப்படி அடுத்தடுத்துக் குடிப்பது, வளர்கிற உடம்பு தனக்கு இன்னும் பால் வேண்டும் என்று கேட்கிற வழி.

பீரோவில் இருக்கும் டப்பா நினைவுக்கு வருவதும் சரியாக இந்த நேரத்தில்தான். இந்த நேரத்தில்தான் அதை எடுக்கவே கூடாது என்பது என் தீர்மானம். நாக்கை நீட்டுவதும், கையை வாய்க்குக் கொண்டு போவதும், சப்புக் கொட்டுவதும் பசியின் முதல் அறிகுறிகள். அழுகை கடைசியில் வருவது. முதல் அறிகுறியிலேயே சூப்பானை வைத்து வாயை அடைத்துவிட்டால், பசி எங்கே தெரியும்? பாப்பா சமர்த்தாகக் கிடப்பாள், எடை நின்றுபோகும்.

மே 21, செவ்வாய்

பாப்பா தூங்கும்போது கொஞ்சம் படித்தேன். 1989-இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் சேர்ந்து வெளியிட்ட தாய்ப்பாலுக்கான பத்துப் படிகளில், தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குச் சூப்பான் தரவே கூடாது என்று ஒரு படி இருந்தது. 2018-இல் திருத்தியபோது, புட்டி, சூப்பான் இவற்றின் பயன்பாட்டையும் ஆபத்தையும் பற்றித் தாய்க்கு எடுத்துச் சொல்லுங்கள் என்று மாற்றினார்கள். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு ஒன்று, 1,302 குழந்தைகளை வைத்து நடந்த இரண்டு ஆய்வுகளைப் பார்த்திருக்கிறது. தாய்ப்பால் தர உறுதியாக இருந்த தாய்மார்களிடத்தில், சூப்பான் கொடுத்ததால் நான்கு மாதம் வரை தாய்ப்பால் குறையவில்லை என்பது அதன் முடிவு.

இதைப் படித்ததும் நாத்தனார் மேல் எனக்கிருந்த சின்ன வருத்தமும் போனது. சூப்பானை விஷமாகப் பார்க்க வேண்டியதில்லை. அதற்கு ஒரு நேரம் இருக்கிறது, அவ்வளவுதான்.

மே 29, புதன்

ஒரு மாதம் முடிந்துவிட்டது. எடை 3.6 கிலோ. வெடிப்பு ஆறிவிட்டது, பிடிப்பில் வலி இல்லை. குழந்தை மருத்துவரிடம் நேராகவே கேட்டேன். பால் குடிப்பது நிலைப்பட்டுவிட்டதால் வேண்டுமானால் இனி கொடுக்கலாம், கொடுத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை என்றார். தூங்கப் போகும்போது சூப்பான் கொடுத்தால், தூக்கத்தில் நேரும் திடீர் மரண அபாயம் குறைகிறது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்கிறதாம். காரணம் இன்னும் தெளிவாகவில்லை. மல்லாக்கப் படுக்க வைப்பதுதான் அதைவிட முக்கியம் என்று அழுத்திச் சொன்னார்.

ஜூன் 1, சனி

ராணிப்பேட்டையிலிருந்து பாப்பாவின் அப்பா வந்திருந்தார். சூப்பானை ஐந்து நிமிஷம் கொதிக்க வைத்தார். எங்கள் போர் தண்ணீரில் கொதிக்க வைத்தால் வெள்ளையாக உப்புப் படிகிறது, அதனால் கேன் தண்ணீர். ஆறிய பிறகு ரப்பரை அழுத்தி உள்ளே நின்ற தண்ணீரை வெளியேற்ற வேண்டும். இதைப் பலர் கவனிப்பதில்லை, உள்ளே சூடு நிற்கும்.

வயிறு நிறையக் குடித்த பிறகு, தூக்கம் வருகிற நேரமாகப் பார்த்து அவரே உதட்டில் தொட்டுக் காட்டினார். நாக்கால் தள்ளினாள். மறுபடி தொட்டார், முகத்தைச் சுளித்தாள். சரி, விட்டுவிட்டோம். திணிப்பதில்லை என்று முன்பே பேசி வைத்திருந்தோம்.

ஜூன் 5, புதன்

நேற்று மதியம் வாங்கிக்கொண்டாள். கொஞ்ச நேரம் சூப்பினாள், தூங்கியதும் தானாக விழுந்தது. விழுந்ததை எடுத்துத் திரும்ப வைக்கவில்லை.

வீட்டில் மற்றவர்களுக்கும் சில விஷயம் சொல்ல வேண்டியிருந்தது. ஆயா அதைத் தேனில் தொட்டுத் தரலாம் என்றார். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய கிருமி குழந்தையின் குடலில் வளர்ந்து நரம்பைத் தாக்கும் விஷத்தை உண்டாக்கும். அம்மாவுக்கு அது அடிக்கடி கீழே விழுகிறதே என்று கவலை. கருப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போடலாமா, இல்லை அரைஞாண் கயிற்றிலாவது கட்டலாமா என்று கேட்டார். இரண்டுமே வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னேன். தூளியில் புரளும்போது கழுத்தில் சுற்றினால் என்ன ஆகும்? விழுந்தால் கழுவிக்கொள்ளலாம்.

சித்தி லாங்கு பஜாரில் கிலுகிலுப்பையோடு சேர்த்து விற்கிற பிளாஸ்டிக் சூப்பான் ஒன்றை ஆசையாக வாங்கி வந்தார். இழுத்துப் பார்த்தேன், காம்பு தனியாகக் கழன்று கையோடு வந்தது. ஒரே வார்ப்பாக, வாய்க்குள் போகாத அளவு அகலமான தட்டோடு, அதில் காற்றுத் துளைகளோடு இருப்பதைத்தான் வாங்க வேண்டும். சித்தியிடம் பக்குவமாகச் சொல்லி, கிலுகிலுப்பையை மட்டும் வைத்துக்கொண்டோம்.

ஜூன் 12, புதன்

ஆறாவது வாரத் தடுப்பூசி. கைப்பையில் சூப்பான் இருந்தது, எடுக்கவில்லை. பால் குடித்துக்கொண்டிருக்கும்போது ஊசி போட்டால் குழந்தைக்கு வலி குறைவாகத் தெரியும் என்பதால், மடியில் வைத்துக் குடிக்கவிட்டே போடலாமா என்று கேட்டேன். நர்ஸ் அக்கா தாராளமாகச் சம்மதித்தார். முதலில் சொட்டு மருந்து, அப்புறம் ஊசிகள். வீறிட்டு அழுதவள், மறுபடி மார்பைப் பிடித்ததும் அடங்கிவிட்டாள்.

சூப்பான் இப்போதைக்கு மதியத் தூக்கத்துக்கும் இரவில் கண்ணயரும் நேரத்துக்கும் மட்டும். சாயந்திரம் முழுக்க முழுக்கப் பால்தான். ஆறு மாதத்துக்குப் பிறகும் தொடர்ந்தால் நடுக்காதில் சீழ் பிடிக்கும் வாய்ப்பு கூடும் என்பதால், கூழ் ஊட்டத் தொடங்கும்போது குறைத்துக்கொண்டு வர வேண்டும். அடுத்த ஊசி ஜூலை 10.