பிள்ளைகள் சொன்னால் பிள்ளைகள் படிப்பார்கள்

அமெரிக்காவில் ஒரு பொது நூலகத்தின் சிறுவர் பிரிவில் வேலை பார்க்கிறேன். பழைய படப் புத்தகங்களை அடுக்கும்போது சில அட்டைகளில் வானவில் முத்திரை கண்ணில் படும். பிள்ளைகளுக்குப் புத்தகங்களை அறிமுகப்படுத்திய ‘ரீடிங் ரெயின்போ’ தொலைக்காட்சித் தொடரில் இடம்பெற்ற புத்தகம் என்று அர்த்தம்.

அந்தத் தொடர் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியான பிபிஎஸ்ஸில் 1983 ஜூலையில் தொடங்கியது. கோடை விடுமுறையில் பிள்ளைகள் வாசிப்பை விட்டுவிடுகிறார்களே என்ற கவலையில் பிறந்த தொடர் என்பதால், கோடையிலேயே ஆரம்பித்தார்கள். நெப்ராஸ்கா மாநிலத்தைச் சேர்ந்த ட்வைலா லிக்கெட் அதை உருவாக்கியவர்களில் ஒருவர். தொகுப்பாளர், அமெரிக்க அடிமை முறையைப் பற்றிய ‘ரூட்ஸ்’ தொடரில் குன்டா கின்டே என்ற இளைஞனாக நடித்த லெவார் பர்ட்டன். டிவியில் நடிக்கும் முயலைப் பற்றி ஒரு கதை வந்தபோது, தான் நடித்துக்கொண்டிருந்த ‘ஸ்டார் ட்ரெக்’ விண்வெளித் தொடரின் படப்பிடிப்புத் தளத்தையே பார்க்கும் பிள்ளைகளுக்குத் திரையில் சுற்றிக் காட்டினார்.

எனக்கு மிகவும் பிடித்தது ஒவ்வொரு நிகழ்ச்சியின் கடைசிப் பகுதிதான். ‘நான் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம்’ என்று சொல்லிவிட்டு அவர் ஒதுங்கிக்கொள்வார். அப்புறம் பிள்ளைகளே கேமராவைப் பார்த்து, தங்களுக்குப் பிடித்த புத்தகத்தைப் பற்றிப் பேசுவார்கள்.

அதன் பலம் எனக்கு வேலையில்தான் புரிந்தது. எங்கள் அலமாரிகளில் பிள்ளைகள் எழுதிய சிறு அட்டைகளை ஒட்டி வைக்கிறோம். ஒரு சிறுமி பென்சிலால், எழுத்தெல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்து விழ, இப்படி எழுதியிருந்தாள்: ‘இதில் நாய் சாகாது. பயப்படாமல் படிக்கலாம்.’ அதற்குப் பிறகு அந்தப் புத்தகம் அலமாரியில் தங்குவதே இல்லை. நூலகர்கள் நாங்கள் எழுதும் அறிமுகத்தில், ஒரு குழந்தைக்குத் தெரிய வேண்டிய அந்த ஒரு விஷயம் இருந்திருக்காது.

2006க்குப் பிறகு பிபிஎஸ்ஸில் ‘ரீடிங் ரெயின்போ’வின் புதிய பகுதிகள் வரவில்லை. 2009 ஆகஸ்டில் மறு ஒளிபரப்பும் நின்றது. ஒளிபரப்பு உரிமங்களைப் புதுப்பிக்கச் சில லட்சம் டாலர் தேவைப்பட்டது. கொடுக்க யாரும் முன்வரவில்லை. எழுத்தையும் ஒலியையும் கற்றுத்தரும் நிகழ்ச்சிகளின் பக்கம் நிதி திரும்பியிருந்தது. எழுத்துக் கூட்டத் தெரிய வேண்டியதுதான், சரி. ஆனால் கூட்டத் தெரிந்த பிள்ளை எதற்காகப் புத்தகத்தைத் தேடி வர வேண்டும்? அந்த ஆசையை ஊட்டிய நிகழ்ச்சியைக் கைவிட்டது பெரிய தவறு என்றே நினைக்கிறேன். 2014இல் அதை இணையம் வழியாக மீண்டும் கொண்டுவர, பொதுமக்களிடம் நிதி திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் லெவார் நிதி கேட்டபோது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து 50 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள்.

எங்கள் கோடை வாசிப்புத் திட்டம் ஜூனில் தொடங்குகிறது. இந்த முறை அட்டையோடு நிறுத்தாமல், பிள்ளைகளையே எழுந்து நின்று பேசச் சொல்லப்போகிறோம். நாய்க்காகக் கவலைப்பட்ட சிறுமிதான் முதல் ஆளாகப் பெயர் கொடுத்திருக்கிறாள்.