தலைக்குள் இரண்டு கல்

கத்தாழை மீனின் தலையைப் பிளக்கும்போது அரிவாள்மனையில் ‘ணங்’ என்றது.

“இந்த மீனுக்குத் தலையில் கல் இருக்கும் தம்பி” என்று மீன் வெட்டும் அக்கா இரண்டையும் ஓரமாக ஒதுக்கினார். கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பீங்கான் வெள்ளை. ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் மேடும் பள்ளமும்.

காதுக்கல்!

மீனுக்கு வெளிக்காது கிடையாது. மொத்தக் காதும் மண்டைக்குள்தான். மீனின் உடலும் தண்ணீரும் ஏறக்குறைய ஒரே அடர்த்தி என்பதால் ஒலி வரும்போது இரண்டும் சேர்ந்தே அசையும். கனமான கல் மட்டும் சற்றுப் பின்தங்கும். அந்தச் சிறு வித்தியாசத்தை நுண்மயிர்கள் உணர்வதுதான் மீனின் செவி. எது மேல், எது கீழ் என்று தெரிவதும் இந்தக் கற்களின் உபயம்தான்.

சுண்ணாம்பு படியப் படியக் கல் வளரும். குறுக்கே அறுத்து நுண்ணோக்கியில் வைத்தால் வளையங்கள் தெரியும். எண்ணி வயதைச் சொல்லிவிடுவார்கள். குஞ்சுப் பருவத்தில் பல மீன்களுக்கு நாளுக்கொரு வளையம். நம் ஜாதகம்கூட இவ்வளவு துல்லியமில்லை.

சுறாவுக்கும் திருக்கைக்கும் இப்படிக் கெட்டியான கல் இல்லை, மணல் போன்ற துகள்கள்தான்.

கத்தாழை கேட்பதோடு நிற்பதில்லை. காற்றுப்பையைத் தசையால் அதிரவைத்துக் கத்தவும் செய்யும், இனப்பெருக்கக் காலத்தில் இன்னும் பலமாக.